மாஸ்டர் என்ற பட்டம் யாருக்கு?
லிங்கநகர்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை லிங்கநகரில் பிள்ளைகளை வளர்த்தெடுக்கும் தாய்மாருக்கும் தந்தைமாருக்கும்,

சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வரும் ஒவ்வொரு முறையும் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான் எழுகிறது. உயர்தரத்துக்குப் போகிற பிள்ளையைப் பற்றி அயலெல்லாம் கேட்கச் சொல்கிறோம். வயரிங் பழகவோ, கராஜுக்கோ, மேசன் வேலைக்கோ போகிற பிள்ளையைப் பற்றிக் கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். "சும்மா ஒரு பாஸோட போய்வாறான்" என்கிற அந்த 'சும்மா'வில், பிள்ளையின் மேல் ஒரு தீர்ப்பும் அவனுக்கு வேலை பழக்குகிற மனிதரின் மேல் இன்னொரு தீர்ப்பும் அடங்கியிருக்கின்றன. பாடசாலையில் படிப்பிக்கிறவரை எழுந்து நின்று வணங்குகிறோம். பட்டறையில் படிப்பிக்கிறவரிடம் கூலிக் கணக்கை மட்டும் பேசுகிறோம். இந்த இரண்டு பேருக்கும் உரியது ஒரே பட்டம் என்பதையும், அந்தப் பட்டத்தை இரண்டாகப் பிளந்ததால் நம் பிள்ளைகள் நட்டப்படுகிறார்கள் என்பதையும் உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன். 'மாஸ்டர்' என்று நாம் நாள்தோறும் சொல்லும் பட்டத்தின் வரலாறே இதற்கு எனக்குக் கிடைத்த வலுவான சான்று. அதனால் அந்த வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்ல இடந்தாருங்கள்.

மாஸ்டர் ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது. அதன் வேர் இலத்தீனில் உள்ள 'மகிஸ்டர்' என்ற பட்டம். 'கூடுதலாக' என்று பொருள்படும் மகிஸ் என்ற சொல்லிலிருந்து மகிஸ்டர் பிறந்தது. 'குறைவாக' என்று பொருள்படும் மினுஸ் என்ற சொல்லிலிருந்து மினிஸ்டர் பிறந்தது. அது அன்று ஏவல் செய்பவரின் பெயர். உரோமரிடையே மகிஸ்டர் பலர் இருந்தார்கள். சர்வாதிகாரிக்கு அடுத்த நிலையில் குதிரைப்படையை நடத்தியவர் ஒரு மகிஸ்டர். சிறுவருக்கு எழுத்தறிவித்தவர் ஒரு மகிஸ்டர். தொழிற்குழுவின் தலைவரும் மகிஸ்டர். கி.மு. 7இல் அகஸ்டஸ் உரோமாபுரியை 14 வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொரு தெருச் சமூகத்துக்கும் மகிஸ்டர்களை வைத்தபோது, அந்தப் பதவிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மனிதர்கள். இத்தனை பேருக்கும் பொதுவாக இருந்தது செல்வமும் அல்ல, குலமும் அல்ல. ஒரு வேலையும் அந்த வேலையைச் செய்யும் மனிதரும் ஒருவர் பொறுப்பில் விடப்பட்டால் அவர் மகிஸ்டர், அவ்வளவுதான். உடைமையாளனுக்கு உரோமர் வேறு பெயர் வைத்திருந்தார்கள். வீட்டுக்கும் நிலத்துக்கும் அடிமைக்கும் உரியவன் 'டொமினுஸ்'. மாணவன் தன் ஆசிரியரை மகிஸ்டர் என்றான். அடிமை தன் உடைமையாளனை டொமினுஸ் என்றான்.

இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்ட, துறைமுகத்தோரம் வாழும் நமக்கு நன்றாகவே விளங்கக்கூடிய ஒரு சட்டம் இருக்கிறது. உரோமச் சட்டத்தில் கப்பலை நடத்துகிறவர் 'கப்பலின் மகிஸ்டர்'. முழுக் கப்பலின் பராமரிப்பும் யாரிடம் ஒப்படைக்கப்பட்டதோ அவரே மகிஸ்டர் என்று உல்பியன் என்ற சட்ட அறிஞர் வரையறுக்கிறார். அடுத்து அவர் சொல்வதுதான் என்னை நிறுத்திய இடம். அந்த மகிஸ்டர் சுதந்திரமானவரா அடிமையா என்பது பொருட்டே அல்ல என்கிறார். ஓர் அடிமை மகிஸ்டராக இருந்து சரக்கேற்ற ஒப்பந்தம் செய்தால், கப்பலை வைத்துத் தொழில் நடத்துபவர் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர். இன்னொருவருக்கு உடைமையாக இருந்த மனிதனே மகிஸ்டராக இருக்க முடிந்தது என்றால், அந்தப் பட்டம் உடைமையைக் குறித்திருக்க வழியில்லை. அது திறமையையும் பொறுப்பையும் குறித்தது.

நம் உட்துறைமுகத்துக்கு மா ஆலையின் கோதுமையையோ சீமெந்துத் தொழிற்சாலையின் மூலப்பொருளையோ கொண்டுவரும் கப்பல்களில் இந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நாம் கப்டன் என்று அழைப்பவரைக் கப்பற் சட்டங்களும் பத்திரங்களும் மாஸ்டர் என்றே எழுதுகின்றன. கப்பல் ஒரு நாட்டுக் கம்பனிக்குச் சொந்தமாயிருக்கும், வாடகைக்கு எடுத்தவர் இன்னொரு நாட்டில் இருப்பார், சரக்கு மூன்றாமவருடையது. இவர்கள் எவரும் மாஸ்டர் அல்லர். கடலில் உயிர்ப்பாதுகாப்புப் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயம், உயிரையும் கடற்சூழலையும் காக்க மாஸ்டர் தன் தொழிலறிவின்படி எடுக்கும் முடிவை உடைமையாளரோ கம்பனியோ தடுக்கக் கூடாது என்கிறது. வழிகாட்டும் பைலட் ஏறி நின்றாலும் கப்பலின் பொறுப்பு மாஸ்டரைவிட்டு நீங்குவதில்லை. கரையில் இருந்து கப்பல்களின் வரவையும் தரிப்பையும் ஒழுங்குசெய்பவர் ஹாபர் மாஸ்டர். அவருக்கும் இந்தக் குடாவில் ஒரு துளி நீர்கூடச் சொந்தமில்லை.

பிறகு எங்கே குழம்பியது? ஆங்கிலத்தில் குழம்பியது. மகிஸ்டரிலிருந்து வந்த மாஸ்டர் என்ற ஒரே சொல்லை ஆங்கிலேயர் டொமினுஸுக்கும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கற்பிக்கிறவரும் மாஸ்டர், அடிமையை விலைக்கு வாங்கியவனும் மாஸ்டர் என்று ஆயிற்று. நம்மிடம் அந்தச் சொல் வந்தது ஒரே பாதையில் அல்ல, ஒரே முறையிலும் அல்ல. போர்த்துக்கேயர் தங்கள் 'மெஸ்த்ரே' என்ற சொல்லோடு வந்தார்கள். அதுவும் மகிஸ்டரின் பிள்ளைதான். தமிழில் அது மேஸ்திரி ஆகி, கட்டடம் கட்டுகிறவரின் பெயராயிற்று. 1639இல் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் 'பாஸ்' என்ற தங்கள் சொல்லைத் தீவெங்கும் விட்டுப்போனார்கள். அது இலத்தீன் வழிச் சொல் அன்று. ஆனால் ஒல்லாந்தரின் மொழியில் தொழில் தலைவனைக் குறித்தது, இங்கே மேசன் பாஸாகவும் தச்சு பாஸாகவும் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோருடைய வாயிலும் நிலைத்தது. அமெரிக்காவுக்குப் போன அதே ஒல்லாந்தச் சொல் அங்கே முதலாளியின் பெயராகிவிட்டது. இங்கே அது உளியும் சாந்தகப்பையும் பிடிக்கிறவரின் மரியாதைப் பெயராகவே நின்றது. கடைசியாக ஆங்கிலேயரோடு மாஸ்டர் வந்தது. கணக்கு மாஸ்டர், தையல் மாஸ்டர், நடன மாஸ்டர், கடல் கடந்த தமிழ்நாட்டில் டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர். கவனித்துப் பாருங்கள். எந்த வழியாக வந்தபோதும் நம் மக்கள் இந்தச் சொற்களைக் கைத்திறன் உள்ளவருக்கும் கற்றுக்கொடுப்பவருக்குமே பெரும்பாலும் கொடுத்தார்கள். தோட்டத்தின் வெள்ளைக்காரரை அவர்கள் மாஸ்டர் என்று அழைக்கவில்லை, துரை என்றார்கள். நிலமும் ஆளும் உடையவரை எசமான் என்றும் நயினார் என்றும் அழைத்தார்கள். ஆங்கிலம் கலந்துவிட்ட இரண்டையும் தமிழ்ப் பேச்சு தானாகவே பிரித்து வைத்தது.

பேச்சுத் தமிழ் பிரித்து வைத்ததை அலுவலகத் தமிழ் மறுபடி கலந்துவிட்டது என்பது என் வருத்தம். இலங்கையின் அரச வழக்கில் மாஸ்டர் என்ற ஒட்டுள்ள பதவிகளைப் பாருங்கள். போஸ்ட் மாஸ்டர் தபாலதிபர் ஆனார். ஸ்டேஷன் மாஸ்டர் புகையிரத நிலைய அதிபர் ஆனார். பாடசாலையின் தலைமை ஆசிரியர் அதிபர் ஆனார். அதிபர் என்றால் ஆள்பவர், தலைவர். மாவட்டத்தை நிருவகிக்கும் அரசாங்க அதிபருக்கும், பொலிஸ் மா அதிபருக்கும், சட்டமா அதிபருக்கும், நாட்டின் சனாதிபதிக்கும் உரிய சொல் அது. மகிஸ்டரைத் தமிழாக்க வந்தவர்கள் டொமினுஸைத் தமிழாக்கிவிட்டார்கள். இதன் விளைவு சிறியதல்ல. அதிபர் என்று அழைக்கப்படுவதற்கு ஒரு நாற்காலியும் நியமனக் கடிதமும் வேண்டும். நாற்காலி இல்லாதவர் எத்தனை பிள்ளைகளைத் தொழிலாளராக்கி அனுப்பியிருந்தாலும் அந்த வரிசையில் அவருக்கு இடமில்லை. பாடசாலை ஆசிரியரை மாஸ்டர் என்று அழைத்த பழைய வழக்கமும் 'சேர்' என்பதற்கு வழிவிட்டு வருகிறது. சேர் என்பது வங்கி முகாமையாளருக்கும் பொலிஸ் அதிகாரிக்கும் ஆசிரியருக்கும் வேறுபாடின்றிப் பொருந்தும். ஆளின் தரத்தைச் சொல்லும், அவர் செய்யும் வேலையைச் சொல்லாது.

இனி, என்னிடம் கேட்கப்படக்கூடிய கேள்விகளுக்கு வருகிறேன். முதலாவது, தமிழில் ஆசான், ஆசிரியர் என்ற அருமையான சொற்கள் இருக்க, அந்நியர் விட்டுச்சென்ற பட்டத்துக்கு ஏன் வாதாட வேண்டும்? நியாயமான கேள்வி. ஆசான் என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது. சிலம்பம் பழக்கியவரும் வைத்தியம் சொல்லிக்கொடுத்தவரும் ஏட்டுப் படிப்பு நடத்தியவரும் ஒருபோல ஆசான் எனப்பட்டார்கள். இன்னும் ஒன்றைப் பாருங்கள். ஆச்சாரியர் என்ற வடசொல் தமிழில் ஒரு பக்கம் சமய குருவின் பெயராக நின்றது. மறு பக்கம் ஆசாரி என்று தச்சரின், பொற்கொல்லரின் பெயராயிற்று. குருவும் தச்சரும் ஒரே பட்டத்தைச் சுமந்த காலம் ஒன்று நமக்கும் இருந்தது. ஆனால் அந்தப் பட்டத்துக்கு நடந்ததை மறைக்கக் கூடாது. ஆசாரி என்பது காலப்போக்கில் சாதிப் பெயராகச் சுருங்கியது. பிறப்பால் மட்டுமே அது வரும், பிறந்தவரை விடவும் செய்யாது. கைவேலையைக் குறைவாகப் பார்க்கும் பார்வை நம்மிடம் வெள்ளைக்காரரோடு வரவில்லை. அதில் பெரும்பங்கு சாதியுடையது. 'சும்மா ஒரு பாஸோட' என்று நாம் குரல் தாழ்த்தும்போது அந்தத் தாழ்ந்த குரலுக்குள் அதுவும் இருக்கிறது. பாஸ், மேசன், மாஸ்டர் என்ற வந்தேறிச் சொற்களின் பெரும் பயன் இங்கேதான். தொழில் கற்றவர் எவரும் அவற்றைப் பெறலாம். ஒரு மேசன் பாஸின் குலம் என்ன என்று அந்தப் பெயர் சொல்வதில்லை. தூய சொல் என்ற ஆசைக்காக இந்த நன்மையை இழக்க நான் விரும்பவில்லை. ஆசான் என்ற சொல்லை எல்லாத் தொழிலுக்கும் எல்லாப் பிறப்புக்கும் உரியதாக மீட்டெடுக்க முடியுமானால் அந்த நாளில் மாஸ்டரை மகிழ்ச்சியோடு விட்டுவிடலாம்.

இரண்டாவது கேள்வி உலகத்திலிருந்து வருகிறது. வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் இதைக் கேட்கக்கூடும். அமெரிக்காவில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்கள் மாணவர் விடுதிகளின் தலைவர்களுக்கு இருந்த மாஸ்டர் என்ற பட்டத்தை 2015இலும் 2016இலும் கைவிட்டன. 2020இல் கிட்ஹப் என்ற மென்பொருள் தளம் தன் முதன்மைக் கிளைக்கு இருந்த அந்தப் பெயரை மாற்றியது. அடிமைகளை வைத்திருந்தவனின் பெயர் இது என்பதே அவர்கள் காரணம். இது இலத்தீன் மகிஸ்டரிலிருந்து வந்தது, பாவம் அறியாதது என்று அங்கே சிலர் வாதிட்டார்கள். அந்த வாதம் அந்த நாட்டில் போதாது என்றுதான் நான் நினைக்கிறேன். பிறந்த இடம் தூய்மையாக இருந்தாலும், சாட்டையின் கீழ் நின்றவர்கள் தலைமுறை தலைமுறையாக எந்தச் சொல்லை உச்சரித்தார்களோ அது அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு வலிக்கத்தான் செய்யும். இலங்கையிலும் அடிமை முறை இருந்தது. 1844இல்தான் சட்டத்தால் முற்றாக ஒழிந்தது. ஆனால் இங்கே அந்த வலியைச் சுமக்கும் சொற்கள் எசமானும் நயினாரும். நாம் வெட்கப்பட்டுக் கைவிட வேண்டியவை அவை. ஒரு நாட்டின் காயத்தை இன்னொரு நாட்டின் சொல்லில் தேடுவது அந்தக் காயத்துக்கும் நியாயம் செய்யாது.

டீ ஆற்றுகிறவரும் பரோட்டா அடிக்கிறவரும் மாஸ்டர் என்றால் பட்டத்துக்கு என்ன மதிப்பு என்பார் சிலர். பட்டம் நீர்த்துப்போனது தேநீர்க் கடையில்தான் என்ற எண்ணம் வரலாற்றோடு பொருந்தவில்லை. இடைக்கால ஐரோப்பாவில் தொழிற்குழுக்களில் சேர்ந்த சிறுவன் முதலில் பயிலுநன், பிறகு கூலிக்கு வேலை செய்யும் கைதேர்ந்தவன், கடைசியில் மாஸ்டர். இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு ஆண்டுப் பயிலுநர் காலத்தைக் கட்டாயமாக்கியது. பாரிஸ் போன்ற இடங்களில் தோன்றிய பல்கலைக்கழகங்களும் ஆசிரியர்களின் தொழிற்குழுக்களாகவே தொடங்கின. கற்பிக்க உரிமை பெற்றவர் மகிஸ்டர். இன்று உங்கள் பிள்ளைகள் ஆசையோடு தேடும் எம்.ஏ. பட்டத்தில் உள்ள மாஸ்டர் அதுதான். தச்சரின் பட்டறையும் பேராசிரியரின் வகுப்பும் ஒரே ஏணியின் படிகளைப் பகிர்ந்துகொண்டன. ஆனால் ஒக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் முதற்பட்டம் பெற்றவர்கள் சில ஆண்டுகள் கழிந்ததும் மேலதிகப் பரீட்சை எதுவுமின்றி எம்.ஏ. என்று எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்றுவரை இருக்கிறது. அதேவேளை சமையற்கூடத்தின் பட்டத்தை அப்படிப் பெற முடியாது. மா பிசையத் தெரியாதவரை ஆண்டுகள் கழிந்ததற்காக எவரும் பரோட்டா மாஸ்டர் என்று அழைப்பதில்லை. அவர் பக்கத்தில் நின்று மேசை துடைத்துக்கொண்டே கைப்பழக்கத்தைப் பார்த்துக் கற்கும் ஒரு பொடியன் பெரும்பாலும் இருப்பான். அந்தப் பொடியனை நாளைக்குத் தனியே அடுப்படியில் நிற்கத் தகுதியுள்ளவனாக்குகிறவர் எவரோ அவரை மகிஸ்டர் என்று அழைக்க உல்பியனுக்கும் தயக்கம் இருந்திருக்காது.

சம்பளம் குறைந்த வேலைக்கு ஏன் உயர்ந்த பட்டம் என்பாருக்கும் ஒரு பழைய விலைப்பட்டியல் பதில் சொல்லும். கி.பி. 301இல் தயோக்கிளேத்தியன் பேரரசர் பொருள்களுக்கும் கூலிகளுக்கும் உச்ச வரம்பு விதித்தார். எழுத்தறிவிக்கும் மகிஸ்டருக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 50 தெனாரி. இலக்கண ஆசிரியருக்கு 200. தச்சருக்கும் கல்மேசனுக்கும் சாப்பாட்டோடு ஒரு நாள் கூலி 50 தெனாரி. எழுத்தறிவித்தவர் தச்சரின் ஒருநாள் கூலியை ஒரு பிள்ளையிடம் ஒரு மாதம் முழுவதும் உழைத்துப் பெற்றார். பட்டமும் பணமும் ஒன்றாக நடந்த காலம் என்று ஒன்று இருந்ததில்லை.

எனக்கு மிகக் கடினமான மறுப்பு வேறொன்று. மாஸ்டர் என்ற பெயரின் கீழ் பிள்ளைகள் அடிபட்டிருக்கிறார்கள், ஏமாற்றப்பட்டிருக்கிறார்கள். இது உண்மை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரங்கூனுக்குத் தமிழ், தெலுங்குத் தொழிலாளரைக் கூட்டிச்சென்ற மேஸ்திரிகள் முற்பணம் கொடுத்து, அந்தக் கடனைக் கூலியில் பிடித்துப் பிடித்து, ஆட்களைக் கட்டிவைத்தார்கள். நம் மலையகத்தில் கங்காணி செய்ததும் அதுவே. கட்டடம் கட்டக் கற்றுக்கொடுத்தவரின் பட்டம் கடன்காரனின் கையில் போனது. மகிஸ்டர் டொமினுஸாக மாறுவது இப்படித்தான்: கற்றுக்கொடுப்பது நின்று, பிடித்துவைப்பது தொடங்கும்போது. இதைத் தடுக்கும் வழியும் அந்தப் பட்டத்தின் பழைய சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு செருப்புத் தைப்பவர், தன்னிடம் வேலை பழகிய சுதந்திரமான சிறுவன் சரியாகச் செய்யவில்லை என்று செருப்பு அச்சால் கழுத்தில் அடித்தார். பிள்ளையின் கண் போயிற்று. கற்பிப்பவருக்கு இலேசான கண்டிப்பு மட்டுமே அனுமதி, அளவு கடந்த கொடுமை அவருடைய குற்றம் என்று உரோமச் சட்ட அறிஞர்கள் தீர்த்தார்கள். அந்தச் செருப்புத் தொழிலாளியை அவர்கள் கற்பிப்பவராகவே, மகிஸ்டர் பற்றிய விதியின் கீழேயே வைத்துப் பேசினார்கள் என்பதைக் கவனியுங்கள். பட்டத்தைக் கொடுத்ததனால்தான் அந்தப் பட்டத்துக்குரிய கடமையையும் கேட்க முடிந்தது. நம் கல்வி அமைச்சு 2005இல் ஒரு சுற்றறிக்கை மூலம் பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடை செய்தது. கராஜில் சாவியால் தலையில் தட்டு வாங்கும் பையனைப் பற்றி எந்தச் சுற்றறிக்கை பேசுகிறது? அவனுக்கு வேலை பழக்குகிறவரை நாம் ஆசிரியராக எண்ணாதவரை, ஆசிரியரிடம் கேட்பதை அவரிடம் கேட்க மாட்டோம். நன்னூலைத் தந்த பவணந்தி முனிவர் நல்லாசிரியனின் இலக்கணத்தோடு நிறுத்தவில்லை, ஆசிரியராகத் தகாதவரின் இலக்கணத்தையும் எழுதினார். பட்டறைக்கும் அந்த இரண்டும் வேண்டும்.

இந்தப் பட்டம் பெண்களை விட்டுவிடுகிறது என்ற குறையை நான் முழுவதும் ஏற்றுக்கொள்கிறேன். இலத்தீனில் மகிஸ்டருக்கு மகிஸ்ட்ரா என்ற பெண்பால் இருந்தது. ஆங்கிலத்தில் மாஸ்டரின் பெண்பாலான மிஸ்ட்ரஸ் பல இடங்களில் இழிபொருளுக்கு இறங்கிவிட்டது. நம் ஊரில் துணி வெட்டும் ஆண் தையல் மாஸ்டர், அதே வேலையைப் பத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பழக்குகிற பெண் தையல் டீச்சர். டீச்சர் என்பதில் குறைவில்லை. ஆனால் கடை வைத்து, ஆள் வைத்து, அளவெடுத்து, பிழை திருத்தி நடத்துகிற பெண்ணுக்கும் அந்த முழுப் பட்டம் உரியது. ஆசிரியர், அதிபர் என்பன இருபாலுக்கும் பொதுவாக இருப்பது போல மாஸ்டரையும் பொதுவாக்குவதற்கு இலக்கணம் தடையில்லை. நாம் அழைக்கத் தொடங்கினால் போதும்.

சொல்லை மாற்றினால் சோறு வருமா என்று கேட்பீர்கள். ஜேர்மனியில் வாழும் நம் உறவினரிடம் விசாரித்துப் பாருங்கள். மகிஸ்டரின் இன்னொரு பிள்ளையான மைஸ்டர் அங்கே சட்டப் பட்டம். 1953இல் இயற்றப்பட்ட கைத்தொழிற் சட்டத்தின்படி பல தொழில்களில் மைஸ்டர் தகுதி பெற்றவரே சொந்தப் பட்டறை நடத்தலாம். 2004இல் 53 தொழில்களுக்கு அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள். 2020இல் 12 தொழில்களுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மைஸ்டர் பரீட்சைக்கு நான்கு பகுதிகள். அவற்றில் ஒன்று, பயிலுநருக்கு எப்படிக் கற்பிப்பது என்பது. கையில் தொழில் எவ்வளவு இருந்தாலும் கற்பிக்கத் தெரியாவிட்டால் அங்கே மைஸ்டர் ஆக முடியாது. அந்நாட்டின் தகுதிச் சட்டகத்தில் மைஸ்டரும் பல்கலைக்கழக முதற்பட்டமும் ஒரே ஆறாம் மட்டத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. நம் நாட்டிலும் ஏணி இல்லாமல் இல்லை. தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. ஏழாவது பட்டப்படிப்புக்கு நிகர். சான்றிதழின்றி நீண்டகாலம் தொழில் செய்தவர்களும், அனுபவத்தால் பெற்ற திறமையை மதிப்பிடும் முறையின் மூலம் அந்தத் தகைமையைப் பெறலாம். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை பயிலுநர்களைப் பதிவு செய்து பயிற்றுவிக்கிறது. ஏணி நிற்கிறது, ஏறுகிறவனைப் பார்த்து ஊர் முகம் சுளிப்பதுதான் தடையாக இருக்கிறது. திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்திய, நாம் பெருமையோடு பேர் சொல்லும் சுவாமி விபுலாநந்தர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம் பெற்றவர். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்று அங்கேயே பணிபுரிந்தவரும் அவர்தான். ஒரே மனிதரிடம் இரண்டும் முரண்படவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை. அடுத்த பரிசளிப்பு விழாவிலோ வாசிகசாலையின் ஆண்டு விழாவிலோ, நம் பிள்ளைகளுக்கு வேலை பழக்கியவர்களையும் ஆசிரியர்களின் வரிசையில் அமர்த்தி, அழைப்பிதழில் அவர்கள் பெயருக்குப் பின்னால் மாஸ்டர் என்று அச்சிடுங்கள். மேசனோ ஓடாவியோ வயரிங் செய்பவரோ தையற்காரரோ, பெண்ணோ ஆணோ. பிள்ளையை வேலைக்கு விடும் நாளில் கூலியை மட்டும் பேசாமல், எதை எத்தனை மாதத்தில் சொல்லித்தருவீர்கள், எப்போது அவன் தனியே ஒரு வேலையைச் செய்யலாம், அடிக்காமல் திருத்துவீர்களா என்று கேளுங்கள்; பாடசாலையில் இடம் கேட்டுப் போகும்போது காட்டும் அதே அக்கறையோடு கேளுங்கள். பல ஆண்டு அனுபவமுள்ள மூத்தவர்கள் திறமை மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க, படிவம் நிரப்பத் தெரிந்த உங்கள் உயர்தரப் பிள்ளைகளை அனுப்பி உதவுங்கள். வேலை பழகப் போகும் மகனைப் பற்றியோ மகளைப் பற்றியோ யாராவது கேட்டால், எந்த மாஸ்டரிடம் எந்த வேலை பழகுகிறார் என்று அவர் பேரைச் சொல்லியே பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அயலவர்